நார்மல் லாஸும் பாஸ்டன் மீனின் ஈரலும்

போன செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு. பிராசஸ் காஸ்டிங் நடந்துகொண்டிருந்தது. காமர்ஸ் படிக்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்: ஒரு தொழிற்சாலையில் 1,000 கிலோ மூலப்பொருளைப் போடுகிறோம். 950 கிலோ சரக்கு வெளியே வருகிறது. நடுவில் காணாமல் போன 50 கிலோவுக்கு "நார்மல் லாஸ்" என்று பெயர். எப்படியும் வீணாகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட இழப்பு. கணக்கில் அளவு எழுதும் பத்தியில் 50 என்று போடுவோம். பணம் எழுதும் பத்தியில் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுவோம். விற்க முடியாத கழிவு என்றால் அதற்கு மதிப்பே இல்லை.

நான் சும்மா இருக்காமல், "சார், அந்த 50 கிலோ எங்க சார் போச்சு?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. "தம்பி, அது நார்மல் லாஸ். பரீட்சைக்கு அவ்வளவுதான் வேணும்" என்றார் சார். அவர் சொன்னதில் தப்பில்லை. பரீட்சைக்கு அவ்வளவுதான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் துரத்திக்கொண்டு போய் நான் போய்ச் சேர்ந்த இடம், நம்ப மாட்டீர்கள், ஒரு மீனின் ஈரல்!

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனால், வெட்டிக் கொடுக்கும் அக்கா வயிற்றைக் கிழித்து, குடலையும் ஈரலையும் ஒரே இழுப்பில் இழுத்துப் பக்கத்து வாளியில் போட்டுவிடுவார். நாம் பார்ப்பது செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் பளிச்சென்று இருக்கிறதா என்பதைத்தான். ஈரலை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு துறைமுகத்து மீன்களின் ஈரலைச் சிலர் உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் என்ன இருந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலை கொட்டிய அதே தண்ணீர்

பாஸ்டன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 1773. வரி கட்டமாட்டோம் என்று சொல்லி, 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, அந்த பாஸ்டன் துறைமுகம்தான் நம் கதையின் களம். தேயிலை கொட்டியது ஒரே ஒரு ராத்திரி. சாக்கடை கொட்டியது அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல்.

1880களில் பாஸ்டன் நகரம் பெரிய பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றைக் கட்டி முடித்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஊருக்குள் தேங்கிய அசுத்தத்தைக் குழாய் வழியாகத் துறைமுகத்தில் இருக்கும் மூன் தீவுக்குக் கொண்டுபோய், தொட்டியில் நிறுத்தி வைத்து, கடல் வற்றும் நேரம் பார்த்துத் திறந்துவிடுவார்கள். வற்றுகிற நீர் அதைக் கடலுக்குள் இழுத்துப் போய்விடும் என்பது கணக்கு. ஆனால் வற்றுகிற நீர் மறுபடி ஏறும் அல்லவா? போனதில் ஒரு பங்கு திரும்பி வந்தது.

1952இல் நட் தீவிலும், 1968இல் டீர் தீவிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பெயர்தான் சுத்திகரிப்பு. அங்கே நடந்தது முதல்நிலைச் சுத்திகரிப்பு மட்டும்: கழிவுநீரைத் தொட்டியில் நிறுத்தினால் கனமானது அடியில் படியும், மேலே மிதப்பதை வழித்தெடுப்பார்கள், மீதி நீருக்குக் குளோரின் போட்டுக் கடலில் விடுவார்கள். அடியில் படிந்த கசடை என்ன செய்தார்கள் தெரியுமா? கொஞ்ச நாள் தொட்டியில் புளிக்க வைத்து, அதையும் கடல் வற்றும் நேரம் பார்த்து அதே துறைமுகத்தில் விட்டார்கள். மெனக்கெட்டுப் பிரித்தெடுத்ததை மறுபடி அதே தண்ணீரில் கலப்பது! முதல்முறை படித்தபோது நான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று இரண்டு தடவை படித்தேன். தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

இந்தக் கழிவுநீர் வீடுகளிலிருந்து மட்டும் வந்ததில்லை. பாஸ்டனைச் சுற்றியிருந்த 40க்கும் மேற்பட்ட ஊர்களின் தொழிற்சாலைகள், பட்டறைகள், மருத்துவமனைகள், மழை பெய்தால் சாலையில் படிந்த எண்ணெய், கரி எல்லாம் அந்தக் குழாய்களில்தான் வந்தன. ஈயம், செம்பு போன்ற உலோகங்கள், டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகள், மின்சாதனங்களில் பயன்பட்ட பி.சி.பி. என்ற எண்ணெய்கள், பிறகு தாரிலும் புகையிலும் எரிந்த எண்ணெயிலும் இருக்கும் பி.ஏ.ஹெச். என்ற வேதிப்பொருள்கள். இவற்றில் பலவும் தண்ணீரில் கரைந்து நிற்பதில்லை. துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் சேறாகப் படிந்துவிடும்.

அந்தச் சேற்றில்தான் நம் கதாநாயகன் வசிக்கிறான்.

ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும் மீன்

நம் ஊர் நாக்கு மீனைப் பார்த்திருப்பீர்கள். தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். அதே பெரிய வகையைச் சேர்ந்த வடஅமெரிக்கத் தட்டைமீன் ஒன்றுக்கு வின்டர் ஃப்ளவுண்டர் என்று பெயர். குளிர்காலத்தில் கரையோரம் வந்து முட்டையிடுவதால் அந்தப் பெயர். இதற்கு இரண்டு கண்ணும் வலது பக்கம். மறுபக்கத்தைத் தரையில் வைத்துச் சேற்றில் படுத்துக் கிடக்கும். சேற்றில் இருக்கும் புழுக்களையும் சிறு உயிர்களையும் தின்னும். நல்ல ருசியான மீன் என்பதால் பாஸ்டன்காரர்கள் படகு எடுத்துக்கொண்டு போய்த் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். படுக்கை சேறு, சாப்பாடு சேறு, மூச்சு விடுவது சேற்றை ஒட்டிய தண்ணீர். துறைமுகத்தின் அடியில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை அளக்க ஒரு கருவி செய்யச் சொன்னால்கூட இப்படி ஒன்றைச் செய்ய முடியாது.

உடம்புக்குள் போகும் நஞ்சு முதலில் ஈரலுக்குத்தான் வரும். மீனுக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். நஞ்சை உடைத்து வெளியே தள்ளக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது ஈரலின் வேலை. இதில் ஒரு விபரீதம் உண்டு. பி.ஏ.ஹெச். போன்ற சில பொருள்களை ஈரல் உடைக்கும்போது, நடுவில் உருவாகும் துண்டுகள் மூலப்பொருளைவிட மோசமானவை. அவை செல்லின் மரபணுப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். வருஷக்கணக்கில் இது நடந்தால் ஏதோ ஒரு செல் கட்டுப்பாடு இழந்து பெருக ஆரம்பிக்கும். அதுதான் கட்டி. வேலை செய்ததற்கே தண்டனை!

மீனுக்குப் புற்றுநோயா என்று சிலர் கேட்கலாம். மீனுக்குக் கட்டி வரும் என்பது வெகுகாலமாகத் தெரிந்ததுதான். அது சுற்றுப்புறத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்பதுதான் தாமதமாக வந்த கேள்வி. 1960 வாக்கில் அமெரிக்காவின் பண்ணைகளில் வளர்த்த ரெயின்போ டிரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரல் புற்றுநோய் வந்தது. தேடிப் பார்த்ததில், தீவனத்தில் கலந்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உருவாகியிருந்தது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் வரும் அதே நஞ்சுதான். சாப்பாட்டில் இருக்கும் ஒரு பொருள் மீனின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது அப்போது உறுதியானது. 1964இல் மேரிலாந்து மாநிலத்தின் டீப் கிரீக் ஏரியில் அடித்தளத்தில் மேயும் மீன்களில் ஈரல் கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இது பண்ணை மீன் இல்லை, இயற்கையில் திரிந்த மீன். அடுத்த வருஷம் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தில் மீன், தவளை, சிப்பி போன்ற உயிர்களின் கட்டிகளைச் சேர்த்து வைக்க ஒரு பதிவேடே தொடங்கினார்கள்.

1970களில் சியாட்டில் நகரத்தின் டுவாமிஷ் ஆற்று முகத்துவாரத்தில் இங்கிலீஷ் சோல் என்ற தட்டைமீனுக்கு ஈரல் கட்டிகள் இருப்பது தெரிய வந்தது. ஆக, "அழுக்குச் சேற்றில் கிடக்கும் மீனின் ஈரலைத் திறந்து பார்" என்ற யோசனை பாஸ்டனுக்கு வரும்போது காற்றில் இருந்தது.

200 மீன்கள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோலில் இருந்த மத்திய அரசின் மீன்வள ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் முர்ச்சலானோவும், ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் வோல்கேயும் பாஸ்டன் துறைமுகத்து வின்டர் ஃப்ளவுண்டர்களைப் பிடித்து, ஈரலை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1985 மே மாதம் சயின்ஸ் இதழில் அவர்கள் கட்டுரை வந்தது. ஆராய்ந்தவை 200 மீன்கள். அவற்றில் சுமார் 8 சதவீதத்துக்கு ஈரலில் கட்டி இருந்தது.

8 சதவீதம் பெரிதா என்று கேட்பவர்களுக்கு: அசுத்தம் இல்லாத கடலில் பிடித்த மீன்களில் இந்த நோயைக் காண்பதே அரிது. தொடர்ந்து வந்த ஆய்வுகளில் கட்டி இல்லாத மீன்களிலும் ஈரல் செல்கள் நீர்கோத்து உப்பியிருப்பது தெரிந்தது. 1980களில் அந்தத் துறைமுகத்தில் பிடித்த ஃப்ளவுண்டர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஏதோ ஒருவிதமான ஈரல் நோய் அறிகுறி இருந்தது.

வெளியே பார்த்தால் பல மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. கண் பளிச், செவுள் சிவப்பு. நம் மார்க்கெட் பரீட்சையில் பாஸ் ஆகியிருக்கும்.

மானியத்தைக் கோட்டைவிட்ட கதை

இனி காமர்ஸ் பக்கம். என்னை இந்தக் கதைக்குள் இழுத்துப் போட்டது இந்தப் பகுதிதான்.

1972இல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்தது. நகரங்கள் எல்லாம் 1977க்குள் இரண்டாம்நிலைச் சுத்திகரிப்புக்கு மாற வேண்டும் என்றது அது. இரண்டாம்நிலை என்றால், படிய வைப்பதோடு நிற்காமல் பாக்டீரியாக்களை விட்டு மிச்ச அசுத்தத்தைத் தின்ன வைப்பது. செலவு அதிகம். அதனால் சட்டமே ஒரு சலுகையும் கொடுத்தது: கட்டுமானச் செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு மானியமாகத் தரும்.

நூறு ரூபாய் வேலைக்கு 75 ரூபாய் அரசு தருகிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஓடிப் போய் வாங்குவோம்.

பாஸ்டன் ஓடவில்லை. கழிவுநீரைப் பார்த்துக்கொண்டிருந்தது மாநில அரசின் மாநகர மாவட்ட ஆணையம். 1977இல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஆழ்கடலில் கழிவுநீரை விடும் கடலோர ஊர்கள், கடலுக்குக் கெடுதல் இல்லை என்று காட்டினால் இரண்டாம்நிலையிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆணையம் விலக்குக் கேட்டு மனுப் போட்டது. நியாயமாகச் சொன்னால் அவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருந்தது. இருக்கிற பணத்தை உடைந்த பம்புகளையும் பழைய குழாய்களையும் சரிசெய்யப் பயன்படுத்தினால் அதிகப் பலன் என்றார்கள் சிலர். சட்டமும் அந்த வழியைத் திறந்துதான் வைத்திருந்தது. ஆனால் மனு வருஷக்கணக்கில் இழுத்தது. 1983இல் மறுக்கப்பட்டது, மறுபடி விண்ணப்பித்து 1985இல் கடைசியாகவும் மறுக்கப்பட்டது.

அதற்குள் கடை மூடும் நேரம் வந்துவிட்டது. 1981இல் மானிய விதிகளை மாற்றினார்கள். 75 சதவீதம் 1984 கடைசியிலிருந்து 55 ஆனது. 1987இல் மானியத் திட்டத்தையே படிப்படியாக மூடி, கடன் தரும் திட்டமாக மாற்றினார்கள். பாஸ்டன் பணத்தோடு வரிசையில் நிற்கும்போது கவுண்ட்டரில் ஆள் இல்லை.

செலவைத் தள்ளிப்போட்டால் அது மிச்சம் என்று நாம் நினைக்கிறோம். தள்ளிப்போட்ட அந்த வருஷங்களில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. எந்த ஏட்டிலும் எழுதப்படாத அந்த வட்டி ஃப்ளவுண்டரின் ஈரலில் ஏறியது.

காலையில் ஓடப்போன வக்கீல்

1982இல் குயின்ஸி என்ற ஊர். பாஸ்டனுக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. அந்த நகராட்சியின் வக்கீல் வில்லியம் கோல்டன் வோலஸ்டன் கடற்கரையில் ஓடப்போனார். காலடியில் கிடந்தது மனிதக் கழிவு. அந்த வருஷக் கடைசியில் குயின்ஸி நகரம் ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டது.

வழக்கு நீதிபதி பால் கேரிட்டியிடம் வந்தது. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சார்லஸ் ஹாரை அவர் சிறப்பு அதிகாரியாக நியமித்து, உண்மை நிலவரத்தை அறிக்கையாக வாங்கினார். சரிசெய்யப் புதிய அமைப்பு வேண்டும், அதற்குச் சட்டமன்றம் சட்டம் போட வேண்டும். சட்டமன்றமோ அசையவில்லை. 1984 கடைசியில் கேரிட்டி பெரிய கட்டடங்களுக்குப் புதிய சாக்கடை இணைப்புத் தரக்கூடாது என்று தடை போட்டார். அந்தத் தடை மேல்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் நினைத்த காரியம் நடந்துவிட்டது. இணைப்பு இல்லாவிட்டால் கட்டடம் இல்லை, கட்டடம் இல்லாவிட்டால் கடன் இல்லை, முதலீடு இல்லை. நாற்றத்தால் அசையாதவர்கள் இதற்கு அசைந்தார்கள். டிசம்பரில் மாசசூசெட்ஸ் நீர்வள ஆணையத்தை உருவாக்கும் சட்டம் வந்தது. 1985 ஜூலையில் அது பொறுப்பேற்றது.

இன்னொரு பக்கம், 1983இல் ஒரு சுற்றுச்சூழல் சட்ட அமைப்பும், 1985இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறையும் போட்ட வழக்குகள் மத்திய நீதிமன்றத்தில் நீதிபதி டேவிட் மஸோனிடம் போயின. சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று 1985இல் தீர்ப்புச் சொன்ன அவர், எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று அட்டவணை போட்டார். போட்டுவிட்டுப் போய்விடவில்லை, வருஷக்கணக்காக அறிக்கை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கை ஜெயித்துக் கொடுத்தது மீன் இல்லை. மீனின் கட்டுரை வருவதற்கு முன்பே வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆனால் கட்டுரை வந்தது 1985 மே, புதிய ஆணையம் பொறுப்பேற்றது ஜூலை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. மீனுக்குப் புற்றுநோய் என்றால் எல்லோருக்கும் உறைக்கும்.

1988இல் இது தேசியச் செய்தியானது. ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்) செப்டம்பர் 1 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் படகில் போய், மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்த எதிர் வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸைத் தாக்கிப் பேசினார். அழுக்குத் துறைமுகத்தைக் காட்டித் தொலைக்காட்சி விளம்பரமும் வந்தது. டுகாகிஸ் தோற்றுப் போனார். மானியத்தைக் குறைத்த ஆட்சியில் துணை ஜனாதிபதியாக இருந்தவரும் இந்த புஷ்தான் என்பதை விளம்பரம் சொல்லவில்லை :-)

பில் வந்தது

வேலை 1990கள் முழுக்க நடந்தது. 1991 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், துறைமுகத்தில் கசடு கொட்டுவது நின்றது. அதைக் காயவைத்து உருண்டைகளாக்கி உரமாக விற்க ஆரம்பித்தார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், நார்மல் லாஸுக்கு ஸ்கிராப் வேல்யூ வந்துவிட்டது! 1995இல் டீர் தீவில் புதிய முதல்நிலை நிலையம், 1997இல் இரண்டாம்நிலையின் முதல் பகுதி, 1998இல் நட் தீவு நிலையம் மூடல், 2000 செப்டம்பரில் கடலடிச் சுரங்கம் திறப்பு. சுத்தமான நீரை 15 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கொண்டுபோய் மாசசூசெட்ஸ் விரிகுடாவில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் விடும் சுரங்கம் அது.

மொத்தச் செலவு சுமார் 380 கோடி டாலர். இதில் பெரும்பகுதி மானியமாக வரவில்லை. அந்த ஊர் மக்களின் தண்ணீர், சாக்கடைக் கட்டணத்தில்தான் ஏறியது. கட்டணம் சில வருஷங்களில் பல மடங்கானது. வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள், ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. 1970களில் குறைந்த கட்டணம் கட்டிய தலைமுறை வேறு, இப்போது பில் வாங்கும் தலைமுறை வேறு.

பணத்தில் எழுத முடியாத ஒரு செலவும் உண்டு. 1999 ஜூலையில் அந்தச் சுரங்கத்தின் கடைக்கோடியில் இருந்த அடைப்புகளைக் கழற்றுவதற்காக ஐந்து நீர்மூழ்கித் தொழிலாளிகளை அனுப்பினார்கள். காற்றோட்ட வசதிகளை அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். மூச்சுக்காற்று தரும் ஏற்பாடு சரியாக வேலை செய்யாமல், இரண்டு பேர் அந்த இருட்டில் இறந்து போனார்கள். துறைமுகம் சுத்தமான கதையைச் சந்தோஷமாகச் சொல்லும் எல்லோரும் இந்த இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஈரல் என்ன சொன்னது?

இத்தனைக்கும் பிறகு மீன் என்ன ஆனது?

சுரங்கம் கட்டுவதற்கு முன்பே, அது வந்தால் விரிகுடா கெட்டுவிடும் என்று கேப் காட் பகுதி மக்கள் பயந்தார்கள். அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதானே என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்வி. அதனால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. வசந்த காலத்தில் ஃப்ளவுண்டர்களைப் பிடித்து ஈரல் பார்ப்பது அதில் ஒரு வேலை. துறைமுகத்தில், சுரங்கத்தின் வாயில், ஒப்பிட்டுப் பார்க்கக் கேப் காட் விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் என்று பல இடங்களில் பிடித்தார்கள். வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் மைக்கேல் மூர் 1980களிலிருந்து இந்த ஈரல்களைப் பார்த்து வந்தவர்.

அவரும் மற்றவர்களும் 2018இல் வெளியிட்ட முடிவு இது: துறைமுகத்து ஃப்ளவுண்டர்களில் கட்டிகள் படிப்படியாகக் குறைந்து, 2004க்குப் பிறகு ஒரு மீனில்கூடக் காணப்படவில்லை. செல்கள் உப்பும் நோயும் வெகுவாகக் குறைந்துவிட்டது. சுரங்கத்தின் வாய்ப்பகுதியிலும் கட்டிகள் பெருகவில்லை.

இதற்குச் சுத்திகரிப்பு நிலையம்தான் முழுக் காரணமா? அப்படிச் சொன்னால் பொய்யாகும். டி.டி.டி.யை அமெரிக்கா 1972இலும், பி.சி.பி. உற்பத்தியை 1979இலும் தடைசெய்தது. பெட்ரோலில் ஈயம் கலப்பது நின்றது. தொழிற்சாலைகள் சாக்கடையில் எதை விடலாம் என்று கட்டுப்பாடு வந்தது. கசடு நின்றது. பழைய சேற்றின் மேல் புதிய மண் படிந்தது. எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தன.

கட்டி என்றாலே மாசு என்று குதிப்பதும் தப்பு. ஃப்ளோரிடாவின் பவளப் பாறைகளில் வாழும் டாம்செல் மீனுக்கு நரம்புக் கட்டிகள் வருகின்றன. அது மீனிலிருந்து மீனுக்குத் தொற்றுவது. தட்டைமீன்களின் தோலில் வரும் சில கட்டிகள் உண்மையான கட்டியே இல்லை, ஒட்டுண்ணியின் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. அடித்தளத்தில் மேயும் மீனின் ஈரலில் வரும் கட்டிக்குத்தான் மாசோடு இவ்வளவு நெருங்கிய உறவு.

அந்த உறவை இன்னும் தெளிவாகக் காட்டியது சியாட்டிலுக்கு எதிரே பெயின்பிரிட்ஜ் தீவில் இருக்கும் ஈகிள் துறைமுகம். அங்கே மரத்துக்குத் தார் எண்ணெய் ஏற்றும் ஆலை ஒன்று பல பத்தாண்டுகள் ஓடியது. பக்கத்துச் சேறு முழுக்க பி.ஏ.ஹெச். இங்கிலீஷ் சோல் மீன்களுக்கு ஈரல் நோய். ஆலை 1988இல் மூடப்பட்டது. 1993-94இல் சேற்றின் மேல் சுத்தமான மணலைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். அடுத்த சில வருஷங்களில் மீன்களின் ஈரல் நோய் நன்றாகக் குறைந்தது. சேற்றை மூடினால் மீன் தேறுகிறது. இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாஸ்டனில் கட்டி போனது, ஆனால் மீன் பழையபடி பெருகவில்லை. நியூ இங்கிலாந்துக் கடலில் வின்டர் ஃப்ளவுண்டர் 1980களின் தொடக்கத்தில் கிடைத்த அளவுக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. அளவுக்கு மீறிப் பிடித்தது, கடல் சூடாவது என்று வேறு காரணங்கள் அதற்கு உண்டு. ஒரு நோய் தீர்ந்தது, எல்லா நோயும் தீரவில்லை.

மறுபடியும் அந்த 50 கிலோ

பிகூ என்ற பொருளாதார அறிஞர் 1920இலேயே சொன்னதை நாங்கள் ஒரு பத்தியில் படித்து இரண்டு மார்க் வாங்குகிறோம்: ஒருவர் செய்யும் காரியத்தின் செலவு இன்னொருவர் தலையில் விழலாம், சந்தை விலை அதைக் காட்டாது. புத்தகத்தில் உதாரணம் ரயில் எஞ்சின் தீப்பொறி, ஆலைப் புகை என்று வரும். படித்துவிட்டு மறந்துவிடுவேன். இனிமேல் மறக்க மாட்டேன். எனக்கு அந்த "இன்னொருவர்" இப்போது சேற்றில் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும், இரண்டு கண்ணும் வலது பக்கம் இருக்கும் ஒரு மீன்.

நூறு வருஷம் பாஸ்டன் கணக்கில் பணப் பத்தியில் கோடு இழுத்தார்கள். யாரோ ஒருவர் ஈரலைத் திறந்து, எத்தனை மீனில் கட்டி என்று எண்ணி எழுதியபோதுதான் அந்த இடத்தில் முதல்முறையாக ஒரு எண் விழுந்தது. எண் விழுந்த பிறகும் தானாக எதுவும் நடக்கவில்லை. வழக்கு, நீதிபதி, தடை, கட்டணம், கோபம், இரண்டு உயிர் எல்லாம் தேவைப்பட்டன. ஆனால் நடந்தது. கட்டி போய்விட்டது. திருத்த முடியாத கணக்கு என்று நினைத்ததைத் திருத்த முடிந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

அடுத்த வாரம் மாடல் எக்ஸாம். பிராசஸ் காஸ்டிங் கணக்கு நிச்சயம் வரும். நார்மல் லாஸுக்கு நேரே நானும் கோடுதான் இழுப்பேன், மார்க் வேண்டுமே! ஆனால் வகுப்பில் சிரித்த நண்பர்களே, அந்த 50 கிலோ எங்கே போச்சு என்று உங்களில் யாராவது கண்டுபிடித்தால் எழுதுங்கள். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மீன் வெட்டும் அக்காவிடம், "அக்கா, அந்த ஈரலைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். "அதை எதுக்குப்பா பாக்குற? பூனைக்குப் போடவா?" என்றார். ஈரல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும்.